ஜங்லிகாட்டில் ஒருத்தி காலி

என் மகள் சென்னையிலிருந்து அனுப்பும் துப்பறியும் நாவல்களில் ஒரு வகை உண்டு. கதாநாயகி சமூக நலத் துறையில் வேலை பார்ப்பவள். குடித்துவிட்டு அடிக்கும் புருஷன், திடீரென்று பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளை என்று ஏதாவது கோளாறுள்ள குடும்பத்தை விசாரிக்கப் போவாள். போன இடத்தில் கொலை நடந்திருக்கும். இதுவரை பதினேழு படித்திருக்கிறேன். பதினைந்தில் பிணம் இருந்தது. பன்னிரண்டில் அவள் தனியாகவே போகிறாள். ஒன்றில்கூட, அவள் திரும்பி வரும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருக்கும் ஒரு புருஷன் இல்லை. எழுதியவர்களுக்கு அந்த ஆள் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

நான் அந்த ஆள். அறுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேயரில் என் மனைவிக்கு அந்த வேலைதான்; வெல்பேர் ஆபீஸ் என்பார்கள். டெலானிபூர் மேட்டில் எங்களுக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸ். நான் வேறொரு அலுவலகத்தில் குமாஸ்தா. அவள் குடும்பங்களைப் பார்க்கக் கிளம்பிப் போனால், மேட்டில் ஏறி வருகிற குடைகளை நான் எண்ண ஆரம்பிப்பேன். எண்ணிக்கொண்டிருந்தால் நெஞ்சு கொஞ்சம் அடங்கும். அவள் தீவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளுடைய இந்தி கடைக்குப் போய்வரத்தான் போதும். என்னுடையது கொஞ்சம் தேவலை.

கடலோரத்தில் ஜங்லிகாட் என்ற பேட்டையில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்க மீனவர்களின் வீடுகள் இருந்தன. அதில், என் மனைவி ஏற்கெனவே போய்வந்த ஒரு வீட்டில், வீட்டுக்காரியைக் காணவில்லை. ஆறு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். இரவில் தகப்பன் கடலுக்குப் போய்விடுவான். குழந்தைகள் பக்கத்து வீட்டில் படுத்துக்கொள்ளும். எங்கே உன் மனைவி என்று கேட்டால், "மெயின்லேண்டுக்குப் போயிருக்கா" என்பான்.

மெயின்லேண்டு என்றால் கடலுக்கு அந்தப் பக்கத்து இந்தியா. அந்தமானில் அன்றைக்கு இந்த ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் மூடிவிடும். சிறைக்குப் போனவன், இன்னொருத்தியோடு போனவன், கோபித்துக்கொண்டு போனவள், எல்லாரும் மெயின்லேண்டுக்குத்தான் போயிருப்பார்கள். ஆனால் விமானம் அந்த வீட்டுக்காரர்களுக்கு எட்டாது, கப்பலில்தான் போகவேண்டும். கப்பல் வருவதையும் போவதையும் நான் கணக்கு வைக்காமல் விட்டதே இல்லை. அவள் காணாமல் போன பிறகு ஒரு கப்பலும் கிளம்பவில்லை.

அடுத்த கப்பல் செவ்வாய்க்கிழமை. இந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தீவில் யாரும் இல்லையென்றால் அந்தக் கப்பலிலேயே மெயின்லேண்டு விடுதி ஒன்றுக்கு அனுப்பிவிடலாம் என்று என் மனைவியின் அதிகாரி முடிவு செய்திருந்தார். கப்பலில் இரண்டு படுக்கைகளுக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். யாரும் இல்லை என்று என் மனைவி சொல்லவேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை மத்தியானம் அவளோடு நானும் போனேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க வெல்பேரம்மா. சாரும் வந்திருக்காவளே. ஏன் சார், ஆபீஸ்ல வேலையே கெடையாதோ?"

"சனிக்கிழமை அரை நாள்தான்" என்றேன்.

"அரை நாளுக்கு இம்புட்டுப் பெரிய குடையா?"

குழந்தைகள் இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பெரியது முள் எடுத்துக் கொடுக்க, சின்னது வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. நான் அவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கயிற்றில் மூன்று சேலை. மூலையில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு. கப்பலில் ஊருக்குப் போகிறவள் மூன்று சேலையையும் செருப்பையுமா விட்டுவிட்டுப் போவாள்?

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வந்து நின்றான். நல்ல உயரம்.

"என்ன சார் எண்ணுறீரு? வலையில கண்ணு எத்தனன்னா? எண்ணி முடிச்சாச் சொல்லும், எனக்கும் தெரியணும்."

என் மனைவி கேட்டாள்: "உங்க வீட்டம்மா எந்தக் கப்பல்ல போனாங்க?"

"கப்பல்லதான்."

"எந்தக் கப்பல்ல?"

"தண்ணியில போற கப்பல்ல" என்று சொல்லிவிட்டு, எங்களைத் திரும்பிப் பாராமல் கரையைப் பார்த்து நடந்தான்.

அவன் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டுக்காரி கையைக் கழுவிவிட்டு நெருங்கி வந்தாள். வண்டூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் காய்கறி மூட்டை கொண்டுவரும் வங்காளி ஒருவன் புதன்கிழமை அவளிடம் ஏதோ சொன்னானாம்.

"அவன் பேசுத இந்தி எனக்கு ஒண்ணும் வெளங்காதும்மா. ஒரே ஒரு வார்த்ததான் நல்லா வெளங்கிச்சு. இந்த வீட்டக் கை காட்டி, இவ காலின்னான். பொறவு பிள்ளைங்களக் கை காட்டினான்." சிலுவை போட்டுக்கொண்டாள். "அதையும் சிரிச்சிக்கிட்டே சொன்னாம்மா, பாவி! அன்னையிலேருந்து இதுக ரெண்டையும் நான் வெளிய விடுததில்ல."

வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்ட பிறகு, போலீஸுக்குப் போகலாம் என்றேன்.

"போலீஸுன்னா அந்த ஆள் உள்ளே, பிள்ளைங்க கப்பல்ல. காலின்னு யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்காகவா?"

"சேலை? செருப்பு? கப்பலே போகாம மெயின்லேண்டு போனது?"

"எல்லாம் சரிங்க. யாருமில்லைன்னு நான் சொல்லணும். யாருமில்லைன்னு எனக்கு இன்னும் தெரியலையே."

"இனிமே அந்த வீட்டுக்கு நீ தனியாப் போகாதே" என்றேன். அவள் அரிசி களையப் போனாள். ஞாயிறு முழுவதும், அந்த உயரமான ஆள் எங்கள் மேட்டில் ஏறி வருவதுபோலவே எனக்கு இருந்தது. ஜன்னலைச் சாத்துவேன். சாத்தினால் பார்க்க முடியாதே என்று திறப்பேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். கையில் கட்டுக் காகிதம். தினமும் கேட்பதைத்தான் கேட்டார்.

"பாபு, காலி ஹோ க்யா?"

கையில் வேலை இல்லாமல் சும்மா இருக்கிறாயா என்று அர்த்தம். தினமும் இதைக் கேட்டு, தினமும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு எழுந்து நின்றுவிட்டேன். வங்காளி சொன்னது இந்தி. பக்கத்து வீட்டுக்காரி கேட்டது தமிழ். எங்களுக்கும் அவள் தமிழில் சொன்னாள், நாங்களும் தமிழாகவே கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு என் மனைவியின் அலுவலகத்துக்கு ஓடினேன். அவள் நான் சொன்னதை ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"அப்படின்னா, அவ வேலை முடிஞ்சு சும்மா இருக்கா. எங்கே?"

"வண்டூர்லதான் இருக்கணும்."

வண்டூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. மழை அடித்துக்கொண்டிருந்தது. என் அரைகுறை இந்தியை நம்பி ஒரு கொலையை இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒருவேளை தமிழ்க் காலியாகவே இருந்துவிட்டால்? வழியெல்லாம் பாலங்களை எண்ணிக்கொண்டு போனேன். எண்ணிக்கை இரண்டு தரம் தப்பிவிட்டது.

காய்கறிக்காரனின் வீட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். பின்னால் அவனுடைய வயல், முழுவதும் நட்டு முடித்திருந்தது. வரப்பில் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தி பஸ் வரும் பக்கம் பார்த்தபடி நின்றாள். எங்களைக் கண்டதும் ஓடி வந்தாள். எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் பார்த்தாள்.

"வெல்பேரம்மா! பிள்ளைங்க எங்க? கூட்டிட்டு வரலியா?"

என் மனைவி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று மழையில் எனக்குத் தெரியவில்லை.

"நடவு இருந்த வரைக்கும் பிள்ளைங்கள வச்சிப் பாக்க முடியாதுன்னு கெடந்தேன். இப்ப வேலை முடிஞ்சிட்டு, நான் காலி, பிள்ளைங்கள அனுப்பிவிடுன்னு இந்த அண்ணன்கிட்டச் சொல்லி அனுப்புனேனே. வார பஸ்ஸையெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கேன்."

"நீயே வந்து கூட்டிட்டுப் போயிருக்கலாமே?" என்றாள் என் மனைவி.

"வாசல மிதிச்சா கால ஒடிப்பேன்னு எங்க வீட்டுக்காரவ சொல்லியிருக்காவ. ஏற்கெனவே பல்லு ரெண்டு போச்சு. பல்லில்லாம நாத்து நடலாம், காலில்லாம நட முடியுமா?"

கட்டின சேலையோடு, வெறுங்காலில் ஓடி வந்தவள் அவள். நாளைக்குக் கப்பல், குழந்தைகளுக்கு அதில் இடம் போட்டாயிற்று என்று என் மனைவி சொன்னதும் அவள் தலைச் சாக்கை வரப்பிலேயே போட்டாள். காலைக்கூடக் கழுவாமல் எங்களுக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஜங்லிகாட்டில் இறங்கும்போது பொழுது சாயவில்லை. அவன் வாசலில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். எழுந்தான். தெரு முழுவதும் வெளியே வந்துவிட்டது. அவன் மனைவியைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான்.

"என்ன, மெயின்லேண்டுலேருந்து வந்தாச்சா?"

அவள் நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள்:

"வந்தாச்சு. கப்பலு லேட்டு."

பக்கத்து வீட்டுக்காரி அவள் காலைப் பார்த்தாள். "ஏட்டி, கப்பல்ல இம்புட்டுச் சேறா?"

தெரு சிரித்துவிட்டது. சிரிப்புக்கு நடுவில் அவன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். என் மனைவியும் ஒரு எட்டு வைத்து, மடக்கிய குடையோடு குறுக்கே நின்றாள். அவள் தலை அவன் மார்புக்குத்தான் வந்தது. நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன், என்ன செய்வதென்று தெரியாமல். அவன் தெருவை இன்னொரு தடவை பார்த்தான். வலையை அள்ளிக்கொண்டு கரைக்கு இறங்கிப் போனான். அதற்குள் சின்னது ஓடி வந்து தாயின் சேற்றுக் காலைக் கட்டிக்கொண்டிருந்தது.

வண்டூருக்குக் கடைசி பஸ் போய்விட்டதால் அன்று மூவரும் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். மறுநாள் காலை என் மனைவி அந்தத் தாயையே அதிகாரியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் உத்தரவை மாற்றிய பிறகு மூவரையும் பஸ் ஏற்றிவிட்டோம்.

ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. உத்தரவு ஒரு மேசையில் மாறினால் இன்னொரு மேசைக்குத் தெரியாமல் போகலாம். அவன் எங்காவது வழிமறித்திருக்கலாம். கப்பல் கிளம்பும் நேரத்துக்கு ஜெட்டிக்குப் போய், ஏணி வழியாக ஏறிய ஒவ்வொரு குழந்தையையும் பார்த்தேன். பதினொரு குழந்தைகள், அதில் அந்த இரண்டும் இல்லை. போதாதென்று அங்கே இருந்த ஆளிடமும் கேட்டேன். அவன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "தோ பர்த் காலி" என்றான். இரண்டு படுக்கை காலி. அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னான்.

கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மேடு ஏறினேன். வீடு பூட்டியிருந்தது. இன்னொரு குடும்பத்தில் ஏதோ தகராறு என்று ஆள் வந்ததாம், அவளும் உடனே கிளம்பிவிட்டாளாம். எந்தத் தெரு என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸில் யாருக்கும் தெரியவில்லை. அவளுடைய குடை கதவுக்கு வெளியே சாத்தியிருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.