புஷ்பா அக்கா வெட்டிச் சேர்த்த கல்யாணங்கள்

செய்தி வந்தபோது நான் மலேசியாவில், மலாக்கா பக்கத்து உம்பாயில், மீன் கடைகளுக்குப் பின்னாலிருக்கும் கடலோரத்தில், கல்யாணமாகப் போகும் ஒரு ஜோடியைக் கைகோத்து நடக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அழைத்தது கவிதா, புஷ்பா அக்காவின் மகள். “அங்கிள், அம்மா போயிட்டாங்க. காலையில குளிச்சிட்டு வந்து நாற்காலியில உட்கார்ந்தாங்க. அவ்வளவுதான்.” அவள் குரல் நிதானமாக இருந்தது. நான் கேமராவை இறக்கினேன். அந்த ஜோடி கையை விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை நடங்கள் என்றேன்.

அக்காவை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. அறியாதவர்களுக்காக ஒரு வரி: பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தரைவீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, நான் எடுத்து வந்த கல்யாண வீடியோக்களைப் பதினெட்டு ஆண்டுகள் வெட்டிச் சேர்த்தவர் அவர். அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு இந்த வேலையைத் தானாகவே கற்றுக்கொண்டவர். மண்டபத்தில் ஓடியாடி மாலை மரியாதை வாங்கியதெல்லாம் நான். வீடியோ நன்றாக இருக்கிறது என்று எவராவது சொன்னால், அது பெரும்பாலும் அக்காவின் கைவேலை. இதை அவர் இருக்கும்போதே நான் சபையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கூச்சம் இப்போது உறுத்துகிறது.

ஆரம்பத்தில் எனக்குச் சினிமா ஆசை தலைக்கேறியிருந்தது. எல்லாக் கல்யாண வீடியோவும் ஒரே மாதிரி இருக்கிறதே, நாம் மாற்றிச் செய்வோம் என்பேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: “என்னா நடக்கும்னு தெரியாம பாக்குறது சினிமா, தம்பி. இதுல என்னா நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும்லா. தெரிஞ்சது எப்ப வரும்னுதான் உட்கார்ந்திருக்காங்க. தாலி கட்டுறப்ப மேளம் வரலன்னா சண்டைக்கு வந்துருவாங்க.”

நான் கேட்பதாக இல்லை. கோலா சுங்கை பாருவில் நடந்த ஒரு கல்யாணத்தை நானே வெட்டிக் கொடுத்தேன். மணப்பெண் நீண்ட நடைவழியில் மெதுவாக நடந்து வருவாள். முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். சன்னல் திரை காற்றில் அசையும். கதவு தானாகத் திறக்கும். பின்னால் ஒரு தாழ்ந்த ஒற்றைச் சுரத்தை மட்டும் ஓடவிட்டிருந்தேன். பெரிய கலைப்படைப்பு என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா தொலைபேசியில் வந்தார். “ஏன் தம்பி, என் மருமக பேய் மாதிரி வர்றாளே? பாத்ததுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல.” வீடியோவைப் பார்த்த கையோடு அந்தப் பெண்ணை நிற்கவைத்து எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டிருக்கிறார். புதுப்பெண் வேறு அழுதிருக்கிறாள்.

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் முழுவதையும் ஒரு முறை பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. பிறகு ஒரு காட்சியைக்கூட வெட்டவில்லை. அந்த ஒற்றைச் சுரத்தை எடுத்துவிட்டு நாதஸ்வரம் வைத்தார். கதவு திறப்பதற்கு முன்னால், பின்னால் வந்த பெண்கள் கிசுகிசுத்துச் சிரித்த சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டார். அதே நடை, அதே திரை, அதே கதவு. மகாலட்சுமி வீட்டுக்குள் வருவது போல் இருந்தது.

“நீ எடுத்ததுல ஒரு தப்பும் இல்ல தம்பி,” என்றார். “வாக்கு குடுத்ததுதான் தப்பு. அந்தச் சத்தத்தக் கேட்டதும் யாரோ சாகப் போறாங்கன்னு பாக்குறவங்களுக்குத் தோணுது. பேய்ப் படத்துக்கு அது சரி.” படமோ பாட்டோ தொடங்கியதும் நமக்கு ஒரு வாக்கு கொடுக்கிறது, நாமும் அதை நம்பி உட்கார்கிறோம் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுலபமாகப் படித்ததில்லை. மாப்பிள்ளையின் அம்மா புதிய பிரதியைப் பார்த்துவிட்டு எனக்குக் கருவாடு அனுப்பினார். பாதியை அக்காவிடம் கொடுத்தேன்.

அவர் சமைக்கும்போது முன்னறையில் தொலைக்காட்சித் தொடர் ஓடும். பார்க்க மாட்டார், காதில் மட்டும் வாங்குவார். “இப்ப கதவத் தட்டுவாங்க பாரு” என்பார், தட்டுவார்கள். “மாமியார் ஒட்டுக் கேக்குது” என்பார், கேட்டுக்கொண்டிருக்கும். அவர் கணவர் ராமையா அண்ணன், தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவர், “இவகிட்ட கதையே பாக்க முடியாதுலா” என்று எழுந்து வெளியே போய்விடுவார். முன்கூட்டியே தெரிந்த பிறகும் ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். “பத்துல ஒரு தடவ ஏமாத்துவாங்க. அந்த ஒண்ணு நல்லா இருக்கும். ஆனா மொதல்ல குடுக்க வேண்டியதக் குடுத்துடணும் தம்பி. அப்புறம்தான் நம்ம வேலையக் காட்டணும்.”

பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மாவைப் பற்றி ஒரு பத்து நிமிட வீடியோ வேண்டும் என்று கவிதா கேட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டு முன் கூடாரத்தில் போட்டுக் காட்ட வேண்டும். நான் மூன்று நாள் உட்கார்ந்தேன். குத்துவிளக்கு, மாலை போட்ட படம், பழைய புகைப்படங்கள், உருக்கமான வயலின். எல்லாம் முறைப்படி இருந்தது. போட்டுப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, ஆனால் அதில் அக்கா இல்லை. புகைப்படத்தை மாற்றினால் யாருடைய காரியத்திலும் போடலாம்.

பழைய கல்யாணங்களின் வெட்டாத பதிவுகளைத் தேடினேன். ஆள் போதாத நாட்களில் அக்காவும் மண்டபத்துக்கு வந்து இரண்டாவது கேமராவைப் பிடிப்பார். அவர் உருவம் எங்கும் கிடைக்கவில்லை. குரல் கிடைத்தது. என்னை ஏசும் குரல். நாற்பது விநாடி. அதைச் சேர்க்கலாமா என்று பயமாக இருந்தது. காரியத்துக்கு வந்தவர்கள் முகம் சுளித்தால் அந்தக் குடும்பத்தின் முன் நான் எப்படி நிற்பது? அக்காவின் அண்ணன் வேறு கண்டிப்பானவர்.

காரியத்தன்று, முதல் ஐந்து நிமிடம் விளக்கும் வயலினும் கொடுத்தேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு இசையைச் சட்டென்று நிறுத்தினேன். கறுத்த திரையில் அக்காவின் குரல் மட்டும்: “டேய் தம்பி, பொண்ணு அங்க நிக்கிது, நீ எங்க எடுக்கிற? வடைத் தட்டயா? பசிச்சா போய்த் தின்னுட்டு வாடா. கேமராவ ஏன் பட்டினி போடுற?”

அக்காவின் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். “காரியத்துல சிரிப்புப் படமா போடுற?” என்றார். நான் நிறுத்தும் பொத்தானைத் தேடினேன். அப்போது முன்வரிசையில் ராமையா அண்ணன் சிரித்தார். பதினாறு நாளாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவர் தோள் குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் கவிதா, பிறகு பின்வரிசை. அக்காவின் அண்ணன் மட்டும் குனிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் ராமையா அண்ணன் கையைத் தூக்கினார்.

“இன்னொரு வாட்டி போடு தம்பி.”

“முதல்லேர்ந்தாண்ணே?”

“வேணாம். அவ ஏசுறத மட்டும்.”

நான்கு முறை போட்டேன்.

பதினெட்டு ஆண்டு நட்பில் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நாற்பது விநாடி. என் கணினியில் கல்யாணம், காதுகுத்து, காரியம் என்று தனித்தனி அடுக்குகள் இருக்கின்றன. இது எந்த வகை என்று அக்காவைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. இன்னும் எதிலும் போடவில்லை.