சின்னத்தைக்குக் கிணறு பார்த்தது

எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றைப் பார்ப்பார்கள். பெண் வீட்டு ஆண்கள் காப்பியைக் குடித்துவிட்டு, காற்று வாங்கப் போவதுபோல வீட்டுக்குப் பின்னால் போய், கிணற்றுக்குள் ஒரு கல்லைப் போட்டுக் காது கொடுப்பார்கள். கல் விழுகிற சத்தத்தில் பாதிக் கல்யாணம் முடிவாகிவிடும்.

அப்பாவின் தங்கை சின்னத்தைக்குக் கோயமுத்தூரிலிருந்து வந்த வரனில் இதுதான் சிக்கல். மாப்பிள்ளை வீட்டில் கிணறே இல்லை. வாசலில் ஒரு குழாய் இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்களாம். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே, "எங்க கெணறு உங்க பாலக்காட்டு மலையிலதானுங்க இருக்குது. சிறுவாணி அணையின்னு பேரு. ஒருக்கா எட்டிப் பாத்துட்டு வாங்க" என்றாராம்.

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கெணறு இல்லாத ஊட்டுல புள்ளையக் குடுத்தா, நாளைக்கு அது கொடத்தத் தூக்கீட்டு எவன் வாசல்ல போயி நிக்கும்?" என்று பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பெரியப்பா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்கு முன் கிணறும் தோட்டமுமாக வந்த வரன்களையெல்லாம் சின்னத்தை தலைவலி என்று சொல்லியே தட்டிக் கழித்திருந்தாள். இந்தத் தடவை அவளுக்குத் தலைவலி வரவில்லை. சோறுதான் இறங்கவில்லை.

"போயிப் பாத்துட்டே வந்தர்றனுங்ணா" என்றார் அப்பா. மாப்பிள்ளைக்கு அந்த அணையிலேயே வேலை. தண்ணீர் திறந்துவிடுகிற வால்வுகளைப் பார்த்துக்கொள்பவர். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தமிழும் மலையாளமும் வாசிப்பேன், எண்கள் எவ்வளவு பெரிதானாலும் தடுமாற மாட்டேன். மலையில் ஏதாவது எழுதி வைத்திருந்தால் படிக்க ஆள் வேண்டாமா? கிளம்பும்போது சின்னத்தை எனக்குத் தலை பின்னிவிட்டு, "எல்லாத்தையும் நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு, கண்ணு" என்றாள்.

மேலே புது அணை கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்ததால் சிமெண்டு ஏற்றிப்போன லாரியில் பாதி மலை ஏறிவிட்டோம். மீதி நடை. லாரி நின்ற இடத்தில் மாப்பிள்ளை காக்கி அரைக்கால்சட்டையோடு காத்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் அதை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிடப் பார்த்தார்.

பனைமரமும் பொட்டல் வெயிலும் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தக் காடு நம்பவே முடியாததாக இருந்தது. நடுப்பகலில் அந்தி மாதிரி வெளிச்சம். யார் இறைத்து ஊற்றியது என்று தெரியாமல் பாறையெல்லாம் ஈரம். ஒரு குருவி ஆள் சீட்டியடிப்பதுபோலவே கூவியது. நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். யானைச் சாணம் ஒன்று ஆவி பறக்கக் கிடந்தது. "எத்தன நேரம் ஆச்சு, யானை போயி?" என்று கேட்டேன். "இப்பத்தான். நம்மளுக்கு வழி உட்டுட்டுப் போயிருக்குது" என்றார் மாப்பிள்ளை. என் காலில் ஏறிய அட்டைகளைப் புகையிலைத் தண்ணீர் தொட்டு எடுத்துவிட்டுக்கொண்டே வந்தார். அப்பா அடிக்கடி குனிந்து மண்ணை அள்ளி மோந்து பார்த்து, பெருமூச்சோடு கீழே போட்டார்.

பழைய அணை வந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய கல் சுவர். காட்டின் மடியில் பச்சைத் தண்ணீர். நடுவே ஒன்றின்கீழ் ஒன்றாக வால்வுகள் வைத்த ஒரு கோபுரம், அங்கிருந்து மலையைக் குடைந்து கோயமுத்தூருக்குத் தண்ணீர் போகிற வழி. எனக்கு எல்லாவற்றையும் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அப்பா தண்ணீரைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தார். தண்ணீர் இறங்கி, சுற்றிலும் செம்மண் அகலமாகத் தெரிந்தது.

"சித்திரையில வத்துமா?"

மாப்பிள்ளையும் கரையைப் பார்த்தார். "வத்துமுங்க" என்றார். "மழை தவறுன வருசம் அடி வால்வுக்கு எறங்கீரும். ஊருக்குள்ள குழாயில ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். எங்கூட்டுலயும் அப்படித்தானுங்க."

அப்பா தலையை ஆட்டினார். கல்யாணம் முறிந்தது என்றே நினைத்தேன். அப்போதுதான் சுவரோரம் தண்ணீர் மட்டத்தைக் குறித்த பலகை என் கண்ணில் பட்டது. ஓடிப்போய், தண்ணீர் தொட்ட இடத்து எண்ணை உரக்கப் படித்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம் அடி.

"ஏனுங்க, அது வந்துங்க, கடல்ல இருந்து..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க. புள்ள படிக்குதல்ல" என்றார் அப்பா. என்னை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவிடம், "வத்துன காலத்துலயே ரெண்டாயிரத்துச் சொச்சம் அடி நிக்குதுங்ணா. புள்ளையே படிச்சுச் சொல்லுச்சு" என்றார். ஊரிலேயே ஆழமான கிணற்றுக்குச் சொந்தக்காரரான பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நெசமா?" "நெசமாப் பெரீப்பா." வெகுநேரம் வெற்றிலை மென்றுவிட்டு, "அப்பறம் என்ன, நாள் பாக்கச் சொல்லு" என்றார். அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. என் படிப்பால் ஒரு கல்யாணம் நடக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சில வருடம் கழித்துப் பூகோள வகுப்பில், உயரங்களைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பார்கள் என்று டீச்சர் சொன்னபோது எனக்கு முகம் சுட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வயலுக்கு ஓடினேன். அப்பா மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது ஆழமில்லீங். கடல்ல இருந்து உசரமுங்."

"அந்தச் செவுரு பனமரத்துல பாதி இருக்குமா? அதுக்குள்ள அத்தன அடி எப்படிக் கண்ணு நிக்கும்?"

"தெரிஞ்சுதான் பெரீப்பாகிட்டச் சொன்னீங்ளா?"

"உங்க பெரியப்பனுக்குச் சொல்ல ஒரு கணக்கு வேணுமில்ல." மடையில் ஒரு வெட்டு மண்ணைப் போட்டு மிதித்தார். "எனக்கு, அந்தப் பையன் வத்தும்னு சொன்னானே, அப்பவே முடிஞ்சு போச்சு."

எனக்கு அழுகை வந்தது. நான் படித்ததற்கு மதிப்பில்லாமல் போயிற்றே என்றுதான். தண்ணீர் வற்றும் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவருக்கு எதற்காகப் பெண்ணைக் கொடுத்தார் என்பது அன்று எனக்கு விளங்கவே இல்லை.