யோர்க் நகரத்துக் கல்யாணப் பதிவேடு

பனி கரைந்து சேறாகிக் கிடந்த ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை, சின்னம்மாவை டோர்செட் பார்க்கிலிருந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் தங்கை, எழுபதைத் தாண்டியவர். வம்சம் தேடுகிறவர்களுக்கென்று ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ட்டில் பழைய பதிவேடுகளைப் படம்பிடித்த பிலிம்களை வாசிக்கும் மெஷின்கள் இருந்தன. இங்கிலாந்தில், யோர்க் நகரத்தின் பழைய மதிலுக்குள் இருந்த ஒரு பங்குக் கோயிலின் பதிவேடு பிலிம் சுருளாகக் கனடாவுக்கு, எங்களுக்காக வந்திருந்தது.

அந்தப் பங்கில் பிறந்த வெள்ளைக்காரர்தான் என் பாட்டனார். காங்கேசன்துறைக்கு மெக்கானிக்காக வந்து, அம்மம்மாவைக் கோயிலில் வைத்துக் கைப்பிடித்து, சின்னம்மாவின் மூன்று வயதில் காய்ச்சலில் போனவர். அவருக்கு இங்கிலாந்தில் ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாள் என்று ஊர் கதைத்தது. ‘வைச்சிருந்தவளின்ரை பிள்ளை’ என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொன்னதைச் சின்னம்மா அறுபது வருஷமாக விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. தன் தாய் முறையான மனைவியா? சாவதற்குள் அது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பதிவேட்டின் அட்டவணையில் பாட்டனாரின் பெயரே இல்லை. சின்னம்மாவின் முகம் வெளித்தது.

“பாத்தியே? மனிசன் அங்கை கலியாணமே கட்டேல்லை.”

உதவிக்கு நின்ற கனேடியப் பெண்மணி பெயர் எழுதி வைத்திருந்த எங்கள் தாளை எட்டிப் பார்த்தார். இது குடும்பப் பெயர் மாதிரித் தெரியவில்லையே, என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தகப்பனின் சொந்தப் பெயரைத்தானே நாங்கள் கடைசிப் பெயராகச் சுமக்கிறோம்! சின்னம்மாவின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக இருப்பது பாட்டனாருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அவருடைய குடும்பப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இனிப் பக்கம் பக்கமாகத்தான். சின்னம்மா கைப்பையிலிருந்து தகப்பனின் ஜெபப்புத்தகத்தை எடுத்தார். முதல் தாளில் அவர் கைப்பட அந்தப் பெயரும், பங்கின் பெயரும், கப்பலேறிய வருஷமும். நான் மெஷினின் கைப்பிடியைச் சுற்றினேன். எழுத்துகள் மழையாய் ஓடின. தச்சர்கள், கண்ணாடி வேலைக்காரர்கள், எழுதத் தெரியாமல் சிலுவை கீறிய பெண்கள், எத்தனை வெட்கம், எத்தனை அவசரம்.

“நில், நில். பின்னுக்குப் போ.”

மணமகனின் கையெழுத்து. அதே பெயர், வால் நீண்டு சுருண்ட அதே கடைசி எழுத்து. பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர்.

“காணும், சின்னம்மா. வீட்டை போவம்.”

“ஏன், எனக்கு நெஞ்சு வெடிச்சிடுமெண்டோ? சுத்து.”

அதே சுருளில் அடக்கப் பதிவுகளும் இருந்தன. குடும்பப் பெயர் இப்போது கையில் இருந்ததால் நேரமெடுக்கவில்லை. அதே பெண். வயது இருபத்திரண்டு. இறந்தது, பாட்டனார் கப்பலேறியதற்கு முந்தின வருஷம். அதற்கடுத்த வரியில் ஒரு குழந்தை. வயது மூன்று நாள்.

“சின்னம்மா, உங்கட அம்மா முறையான மனிசிதான்…” என்று தொடங்கினேன்.

அவர் கேட்கவில்லை. விரலைத் திரையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“இருபத்திரண்டு வயசு. ஐயோ, பிள்ளையும் போச்சே.”

அடுத்த ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்ததும், அந்தப் பெண்ணுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லிப் பாதரிடம் போனார்.

“அவ எங்கட சபையோ?”

“வேற சபைதான். நீங்கள் எழுதுங்கோ பாதர்.”

“உங்களுக்கு என்ன முறை?”

“பெரியம்மா,” என்றார் சின்னம்மா. “ஐயாவின்ரை மூத்த தாரம்.” பிறகு, பாதர் பேனையை மூடப்போகையில், “பிள்ளையையும் சேர்த்து எழுதுங்கோ.”