லுத்விகா கல்லில் வெட்டச் சொன்ன ஆண்டு

கல்தச்சன் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: “தம்பி செத்த வருஷம் என்னன்னு போடட்டும், டாக்டரம்மா?”

லுத்விகா வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்ல, சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். பழைய போலந்து அரசர்களின் உப்புச் சுரங்கங்களைப் பற்றி கிராக்குவ் நகரில் அவளைவிட விவரம் தெரிந்தவர் இல்லை. எந்த அரசன் எந்த ஆண்டில் எந்தச் சுரங்கத்தை யாரிடம் அடகு வைத்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொந்தத் தம்பி செத்த ஆண்டைச் சொல்லத்தான் அக்கம்பக்கம் பார்க்க வேண்டியிருந்தது.

“நாளைக்கு வந்து சொல்றேன்.”

“நாளைக்கு நாளைக்குன்னா எப்படி? புனிதர் திருநாளுக்குள்ள கல்லு நிக்கணும். அன்னிக்கு ஊரே கல்லறைக்கு வரும். வருஷம் இல்லாத பேரைப் பாத்தா, நான் குடிச்சுட்டு மறந்துட்டேன்னுதான் பேசுவாங்க.”

அம்மா சாகும்போது கேட்டது ஒன்றுதான். தம்பி செவெரினின் உடம்பு எங்கே கிடந்தாலும் பெயர் தன் பக்கத்தில் இருக்க வேண்டும். போரில் உடல் வந்து சேராதவர்கள் பெயராகவாவது குடும்பக் கல்லறைக்கு வந்துவிடுவது அங்கே வழக்கம்தான்.

செவெரின் டாக்டர். படை அதிகாரியாகப் போய் சோவியத்காரர்களிடம் பிடிபட்டான். 1940 வசந்தத்தோடு அவன் கடிதங்கள் நின்றுபோயின. பிறகு சோவியத் மண்ணில் ஒரு காட்டில், அவனைப்போலப் பிடிபட்ட ஆயிரக்கணக்கான அதிகாரிகளின் பிணங்களைத் தோண்டி எடுத்தார்கள். ஜெர்மானியர் அந்தக் காட்டுக்கு வந்ததே 1941இல்தான். ஆகவே 1941 என்றால் கொன்றவன் ஜெர்மானியன். 1940 என்றால் கொன்றவன், போர் முடிந்து இன்று நாட்டையே கைக்குள் வைத்திருக்கும் சோவியத்காரன். ஒரு விருந்தில் நாற்பது என்று வாய்விட்டுச் சொன்ன லத்தீன் ஆசிரியர் மறுவாரம் வீட்டில் இல்லை. எங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை.

செவெரினின் மனைவி ஹால்ஷ்கா லுத்விகாவோடுதான் இருந்தாள். யாராவது ஒட்டுக்கேட்பார்களோ என்று போன் மேல் தலையணையை அமுக்கி வைத்து, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, இருவரும் கிசுகிசுப்பாகச் சண்டை போட்டார்கள்.

“நாப்பதுன்னு போடு.”

“மெதுவா பேசு!”

“தண்ணிச் சத்தத்துல எனக்கே கேக்கல, இதுல மெதுவாவாம். ஜெர்மன்காரன் இருந்தப்ப வீடு வீடா ஒளிஞ்சு சரித்திரப் பாடம் நடத்தினியே, அந்த லுத்விகா எங்க போனா?”

“அப்ப பக்கத்து வீட்டுக்காரனை நம்பினேன்.”

“கல்லுல பொய்யா வெட்டுவே?”

“என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா உனக்கு யாரு இருக்கா?”

“இப்ப மட்டும் எனக்கு யாரு இருக்கா?” என்றாள் ஹால்ஷ்கா.

மறுநாள் லுத்விகா கல்தச்சனிடம் நாற்பத்தொன்று என்றாள். அவன் நிமிர்ந்து பார்க்காமல் வெட்டினான்.

திருநாளன்று கல்லறை முழுக்க மெழுகுப் புகையும் செவ்வந்தியுமாக இருந்தது. தான் வேலைபார்த்த ஆய்வுக்கழகத்தின் இயக்குநர் ஜெம்பா மனைவியோடு வருவதை லுத்விகா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி, கல்லில் ‘டாக்டர், படை அதிகாரி, 1941’ என்றிருந்ததை நிதானமாகப் படித்தார்.

“உங்க தம்பியா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே! ஜெர்மன்காரன் பண்ணின அந்தக் காட்டுக் கொலையைப் பத்திப் பத்திரிகைக்குக் கட்டுரை வேணும்னு மேலேருந்து கேட்டிருக்காங்க. தம்பியையே பறிகொடுத்தவங்க, அதுவும் சரித்திரம் படிச்சவங்க எழுதினா, எவன் வாயைத் திறப்பான்? திங்கட்கிழமை வாங்க.”

யார் கண்ணிலும் படாமல் இருக்கத்தான் அந்த எண்ணைப் போட்டாள். அதுவே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பக்கத்தில் ஹால்ஷ்கா அணைந்த மெழுகுவர்த்தியைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஜெம்பாவின் அறையில் லுத்விகா கைகளை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

“நான் உப்பைப் பத்தி எழுதறவ, சார். போர் எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சதை எழுதுங்க. கல்லுலயே வெட்டியிருக்கீங்களே.”

செவெரினின் கையெழுத்தைத் தானே போட்டுப் பொய்சாட்சி சொல்வதுபோல இருந்தது அவளுக்கு.

“அது பயத்துல வெட்டினது.”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. ஜெம்பா எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கேட்டதைப் போய்ச் சொல்லாவிட்டால் அவருக்கும் அந்த லத்தீன் ஆசிரியரின் கதிதான்.

“நீங்க எதுவும் சொல்லல. நானும் எதுவும் கேக்கல. உங்களுக்கு உடம்பு சரியில்ல. போங்க. போயிடுங்கம்மா!”

கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு படியிறங்கினாள். மேலே அவர் போனை எடுக்கிறாரோ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று காதைத் தீட்டினாள்.

அந்தக் கல்விப் பருவத்திலேயே அவள் எடுத்துவந்த வகுப்புகள் பறிபோயின. உப்புச் சுரங்கப் புத்தகம் அச்சகத்திலிருந்து திரும்பி வந்தது. ஆய்வுக்கழக நூலகத்தின் நிலவறையில் உட்கார்ந்து பழைய புத்தகங்களுக்குச் சீட்டு ஒட்டினாள். கைதுசெய்து கூட்டிப்போக யாரும் வரவில்லை. ஆனால் தெருவில் கார் வேகம் குறைந்தால் ஹால்ஷ்காவும் அவளும் கையிலெடுத்த கரண்டியை அப்படியே வைத்துவிடுவார்கள். கதவோரம் ஒரு பையில் கம்பளிக் காலுறையும் சோப்பும் எப்போதும் தயாராக இருந்தன.

பனிக்காலத்தில் கட்டுரை வந்தது, வேறொருவர் பெயரில். லுத்விகா டிராம் நிறுத்தத்துக் கடையில் பத்திரிகையை வாங்கி, பனியில் நின்றபடியே பிரித்தாள். ஜெர்மானியர் கொன்ற டாக்டர்கள் என்று ஒரு பத்தி முழுக்கப் பெயர்கள். அவளைக் கேட்காமலேயே ஜெம்பா கொடுத்திருப்பாரோ? கையுறையைக் கழற்றிவிட்டு வரிவரியாக விரலை ஓட்டினாள். செவெரின் இல்லை. நம்பிக்கை வராமல் மறுபடி மேலிருந்து தொடங்கினாள். இல்லை.

அப்படியானால் ஜெம்பா அவன் பெயரைக் கொடுக்கவில்லை. டிராம் வந்து நின்றது. அதைப் போகவிட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.