முதல் துண்டு முட்டைக்காரருக்கு

"மேல ஏறி வாங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று குழந்தைசாமி சொல்லும்போது அவர் கண் யாருடைய முகத்திலும் இருக்காது. காலில் இருக்கும். யார் எந்தக் காலை முதலில் படியில் வைக்கிறார், வண்டி கிளம்பும் குலுக்கலில் யார் கம்பியைத் தேடித் தடுமாறுகிறார், யார் தேடாமலே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டேதான் டிக்கெட்டைக் கிழிப்பார். அரிமளத்துக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே ஓடும் அந்தத் தனியார் பேருந்தில் பதினாறு வருடமாக அவர் கண்டக்டர். ஆளின் பெயர் மறந்துபோகும், கால் மறக்காது. "வலது கால இழுத்து வைக்குமே, அந்தக்கா எறங்கிருச்சா?" என்றுதான் கேட்பார்.

புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் ஷர்லி, வண்டியில் போகத் தொடங்கிய புதிதில் இவரைத் தப்பாகத்தான் நினைத்தாள். குனிந்த தலை நிமிராத கண்டக்டரை யார்தான் நம்புவார்கள்? மேலக்கொல்லை கால்பந்து அணிக்கு ஆள் பொறுக்குகிறவர் இவர்தான் என்று தெரிந்த பிறகு கோபம் போய்விட்டது. அவளுக்கும் அதுதான் ஊர், அதுதான் அணி.

சுற்றுப்பட்டு ஆறு ஊர்கள் சேர்ந்து மாசி, பங்குனியில் நடத்தும் போட்டி அது. அணிக்கு ஏழு பேர். ஆட ஆசைப்படுகிறவர்கள் பெயர் கொடுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏந்தல் திடலில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். ஊருக்கு ஒருவர் கையில் துண்டுகளோடு வருவார். முறைப்படி ஒவ்வொரு ஊராக, வேண்டிய ஆளின் தோளில் துண்டைப் போடுவார்கள். பேருந்தில் இடம் பிடிக்கப் போடுகிற துண்டையாவது யாரேனும் எடுத்துக் கடாசிவிட்டு உட்காரலாம். இந்தத் துண்டைப் போட்டவரே எடுக்க முடியாது. போன வருடம் கடைசியாக வந்த ஊருக்கு இந்த வருடம் முதல் துண்டு. ஆனால் இரண்டு வருடம் தொடர்ந்து கடைசி என்றால் மூன்றாம் வருடம் அந்த ஊருக்கு அணியே கிடையாது. இடத்துக்கு வேறு ஊர் காத்துக்கொண்டிருக்கிறது. போன வருடம் கடைசியாக வந்தது மேலக்கொல்லை.

குழந்தைசாமி பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை பந்து சாலைக்கு உருண்டு வந்து பேருந்தின் சக்கரத்தடியில் நின்றபோது, இறங்கி, இரண்டு கையாலும் எடுத்து, பார்சல் கொடுப்பதுபோல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஓர் ஆட்டத்தையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை என்பது அதைவிட ஆச்சரியம். மாலை ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது அவர் புதுக்கோட்டையில் "அரிமளம், அரிமளம்" என்று கூவிக்கொண்டிருப்பார். ஐந்தே முக்காலுக்கு வண்டி திடல் நிறுத்தத்தில் நிற்கும் இரண்டு நிமிடம்தான் அவருடைய கால்பந்து. வருடத்தில் அவர் எடுக்கும் ஒரே விடுப்பு, துண்டு போடும் ஞாயிறு.

அப்படியிருந்தும் அவர் பொறுக்கியவர்கள் சோடை போனதில்லை. ஓடும் பேருந்தில் இருந்து இறங்கி நடைமாறாமல் போன கொத்தனார் ஒருவரை வாய் வலிக்கத் திட்டிவிட்டு, அடுத்த மாதம் அவருக்கே துண்டு போட்டார். "ஓடுற வண்டியில ஏறுறவன் வேற, எறங்குறவன் வேற தங்கச்சி. எறங்குறவனுக்குத்தான் காலு சொன்னபடி கேக்கும்" என்று ஷர்லிக்கு விளக்கம் வேறு. அந்தக் கொத்தனார் ஐந்து வருடம் மேலக்கொல்லையின் நடு ஆட்டக்காரர். ஒரு தடவை மட்டும் சறுக்கியது. சரக்கு வேனின் கூரைமேல் நின்று மூட்டை கட்டிய ஒருவரை எடுத்தார். அவர் மான்போல ஓடினார், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த வருடம் யாரை எடுப்பது என்பதில் ஊருக்குள் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. பிரவீன்குமார், கல்லூரி மாணவன், போன வருடம் மட்டும் பதினான்கு கோல். ஞாயிறன்று புது ஷூ போட்டு, முதல் ஆளாக நின்று, துண்டுக்குத் தோதாகக் கழுத்தைக்கூடத் தாழ்த்திவிட்டான். குழந்தைசாமி அவனைத் தாண்டி நடந்தார். வரிசை முழுவதையும் தாண்டிக் கடைசிக்குப் போய், கைலியை மடித்துக் கட்டி நின்ற செம்மலின் தோளில் துண்டைப் போட்டார்.

செம்மல் முட்டை போடுகிறவர். முப்பத்திரண்டு வயது. தினமும் காலையில் ஐந்து அட்டை, நூற்றைம்பது முட்டையை ஒன்றாகக் கட்டி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வண்டியில் ஏறி, வழியெல்லாம் கடைகளுக்குப் போடுவார். எந்த அணியிலும் ஆடியவரே இல்லை. அவரைக் கோல் கீப்பராக எடுத்திருக்கிறாராம்.

திங்கட்கிழமை காலை வண்டி, வண்டியாக இல்லை. செல்போன் கடை வைத்திருக்கும் கவியரசன் பின் இருக்கையில் இருந்து எழுந்தே நின்றுவிட்டான். "ஏண்ணே, கீப்பர யாராச்சும் மொத சுத்துல எடுப்பாங்களா? அது மிச்சம் மீதி இருக்குற ஆளுக்குக் குடுக்குற எடம்ணே! பிரவீன இப்ப அரிமளத்துக்காரங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க."

"கோல் போடுறதுக்கு ஆளுக கெடைப்பாங்கப்பா. தடுக்குறதுக்குத்தான் ஆளில்ல" என்றார் குழந்தைசாமி, டிக்கெட்டை நீட்டியபடி.

அங்கன்வாடியில் சமைக்கும் சின்னப்பிள்ளை முன் இருக்கையில் இருந்து திரும்பினார். மேலக்கொல்லை ஆட்டம் என்றால் வெங்காயம் உரித்த கையோடு திடலுக்கு வந்துவிடுகிறவர். "ஏப்பா, ஒனக்கு என்னதான் தெரிஞ்சிச்சு அந்த ஆளுகிட்ட? எங்களுக்குஞ் சொல்லு."

"அக்கா, ரெண்டு கையிலயும் முட்டை. கம்பியப் புடிக்க முடியாது. டிரைவரு சடன் பிரேக் அடிச்சா நீங்க, நானு, எல்லாரும் முன்னால போறோம். அவரு போகல. ஏன்னு மூணு மாசமாப் பாத்தேன். முட்டையப் பாக்கவே மாட்டாரு. முன் கண்ணாடி வழியா ரோட்டப் பாக்குறாரு. ஆடு குறுக்க வருதுன்னா, பிரேக் விழுறதுக்கு முன்னாலயே அவரு காலு அங்கிட்டுப் போயி நிக்கிது. பந்து வாரதுக்கு முன்னால போறவருதான கீப்பரு?"

ஷர்லியும் பிரவீன்குமார் கட்சிதான். இருந்தாலும் அன்று அவள், அடுத்த நிறுத்தத்தில் ஏறிய செம்மலையே பார்த்துக்கொண்டு வந்தாள். லேனாவிளக்கு வளைவில் வண்டி ஒடிந்து திரும்பியது. கூட்டமே ஒருபக்கம் சாய்ந்தது. நூற்றைம்பது முட்டையும் அதனதன் குழியில் இருந்தன. அவளுக்கு மெய்சிலிர்த்தது. பத்து வருடமாக இந்த மனிதர் நம்மோடு வருகிறார், ஒரு நாளும் நாம் பார்க்கவில்லையே!

கவியரசனுக்கு எதுவும் சிலிர்க்கவில்லை. "இந்தத் தடவையும் கடைசின்னா நம்ம ஊருக்கு அணியே இல்ல, ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு. அப்புடி ஆச்சுன்னா என் தப்பு. பொறவு எங்கிட்டும் ஆள் பொறுக்க வரமாட்டேன்" என்றார் குழந்தைசாமி. சத்தமில்லாமல்தான் சொன்னார். பின் இருக்கை வரைக்கும் கேட்டது.

முதல் ஆட்டத்தில் மேலக்கொல்லை ஒன்றும் போடாமல் நான்கு கோல் வாங்கியது. நான்குக்கும் செம்மல் முன்கூட்டியே சரியான பக்கம் போய் நின்றார். நின்றார், அவ்வளவுதான். எட்டும் பந்தைப் பிடித்தார்; எட்டாததற்கு விழவில்லை. விழவே கூடாது என்று பத்து வருடம் பழகிய உடம்பு. "முட்டை போடுறவரு நமக்கும் முட்டையே போட்டுட்டாரு" என்று கவியரசன் மறுநாள் வண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். குழந்தைசாமி டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே போனார். ஷர்லியிடம் வந்தபோது மட்டும், "நிக்கிறதப் பாத்தேன் தங்கச்சி. விழுறதப் பாக்கலையே" என்றார். பதினாறு வருடத்தில் அன்றுதான் அவர் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தார்.

அடுத்த நாள் செம்மல் ஏறியதும் குழந்தைசாமி முட்டைக் கட்டை அவிழ்த்தார். முதல் அட்டையைச் சின்னப்பிள்ளை மடியில் வைத்தார். இரண்டாவதை ஷர்லி மடியில். மூன்றாவதைக் கவியரசன் மடியில், கேட்காமலே. மீதி இரண்டும் பக்கத்து இருக்கைகளுக்கு. "ஒரு பத்து நாளைக்கி எல்லாரும் கொஞ்சம் புடிச்சுக்கங்க. தம்பி, நீங்க கைய வீசிக்கிட்டு அந்த நடுவுல நில்லுங்க. ரோட்டப் பாக்காதீங்க, இங்கிட்டுத் திரும்பி நில்லுங்க."

வெறுங்கையோடு நிற்க செம்மலுக்கு வெட்கமாக இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். மூன்றாவது நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். செம்மல் தடாலென்று விழுந்தார், நீட்டி நெடுக, கருவேப்பிலைக் கூடைக்கும் யாரோ ஒருவரின் டிபன் பைக்கும் நடுவே. வண்டியே "அய்யய்யோ" என்றது. அவர் தரையில் கிடந்தபடியே கையைப் பார்த்தார். உடைய அதில் ஒன்றுமில்லை. சிரித்துவிட்டார். "விழுந்தா ஒண்ணும் ஆகாது போலயேண்ணே!"

பிறகு தினமும் விழுந்தார். வலது பக்கம், இடது பக்கம், தோளில், இடுப்பில். பத்து நாளும் மேலக்கொல்லை ரசிகர்கள் மடியில் முட்டை அட்டையோடு, கையை ஆட்டவும் முடியாமல், வாயால் மட்டும் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். கவியரசன் கத்தியது கொஞ்சம் குறைந்திருந்தது. கத்தினால் அட்டை ஆடியது. ஒரு முட்டையும் உடையவில்லை. செம்மல் உள்ளே விட்ட கோல்கள் மூன்றாகி, ஒன்றாகி, ஓர் ஆட்டத்தில் ஒன்றுமில்லாமலும் ஆயின. ஆனால் கோல் போட ஆளில்லாததால் மேலக்கொல்லை கடைசி இடத்தை விட்டு நகரவில்லை.

கடைசி ஆட்டம் அரிமளத்தோடு. சமன் செய்தாலே மேலக்கொல்லை தப்பிவிடும். ஐந்தே முக்காலுக்குப் பேருந்து திடல் நிறுத்தத்துக்கு வந்தபோது ஒன்றுக்கு ஒன்று. நேரம் முடிந்துவிட்டது, ஆனால் நடுவர் பெனால்டி புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தார். இந்த ஓர் உதை, அதோடு ஆட்டம் சரி. பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்துகொண்டிருந்தவன் பிரவீன்குமார்.

யாரும் சொல்லாமலே டிரைவர் இன்ஜினை அணைத்தார். வண்டி முழுவதும் இடதுபக்க ஜன்னல்களுக்கு ஒதுங்கியது. குழந்தைசாமி பின்படியில் நின்றார். ஷர்லி அவருக்குப் பக்கத்தில். சின்னப்பிள்ளை திடலின் ஓரத்தில் தலைமேல் கைவைத்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

பிரவீன்குமார் ஓடி வந்தான். அவன் கால் பந்தைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் செம்மல் கிளம்பிவிட்டார். இடது பக்கம், உடம்பு முழுவதும் தரையை விட்டு எழும்பி, நீட்டி நெடுக விழுந்தார். புழுதி எழுந்தது. பந்து அவர் விரலில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. ஷர்லி கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. இப்படி ஒன்றை ஒரு மனிதர் மூன்று மாதம் முன்பே, இதே படியில் நின்றுகொண்டு, பார்த்திருக்கிறார் என்று நினைத்தபடியே அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

கவியரசன் திடலில் இருந்து வேலியைத் தாண்டி ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. "அண்ணே, அடுத்த வருஷமும் துண்டு ஒங்ககிட்டதாண்ணே" என்றான். குழந்தைசாமி தலையை மட்டும் ஆட்டினார். வண்டிக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரமாகிவிட்டது. டிரைவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக் காத்திருந்தார்.

குழந்தைசாமி விசிலை வாயில் வைத்து ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊதினார். உதடு நிற்கவில்லை, இந்த முறையும் காற்றுதான். விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, திடலைப் பார்த்தபடியே, வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.