ஏழு ஒன்றுகள்

எங்கள் புரோக்கன் ஹில் சுரங்கத்தில் கிளாரி பென்ஹேலைப் போல ஒரு அழுத்தக்காரனை நான் பார்த்ததில்லை. ஆட்களுக்குத் தலைவிளக்கு கொடுத்து வாங்குவது அவன் வேலை. அதே விளக்கறையில் அவன் பக்கத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். பெண்டாட்டி இல்லை, குதிரைப் பந்தயம் இல்லை, பீர்கூட அளவுதான். எந்த எண்ணைக் கண்டாலும் உட்கார்ந்து வகுத்துப் பார்ப்பான்.

அவன் பெருமையெல்லாம் ஒரே எண்ணில்: 11,11,111. ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண் அது என்று அடித்துச் சொல்வான். ஆயிரத்து ஐம்பத்து நான்குக்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பென்சிலால் மூன்று தடவை முதலிலிருந்து வகுத்து, தடவைக்கு ஒன்றாக மூன்று நோட்டை நிறைத்திருக்கிறான்.

"என் கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாதுப்பா" என்பான். நாங்கள் பதில் பேச மாட்டோம். காரணம், ரெக்ஸ்.

கீழே இறங்குகிறவன் எங்கள் விளக்கறைச் சுவரில் இருக்கும் பலகையிலிருந்து தன் எண் பொறித்த பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் அதற்கான ஆணியில் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். 1969இல் ஒரு நாள் கிளாரி பலகையைப் பார்த்துவிட்டு, எல்லோரும் வந்தாயிற்று என்றான். கீழே பாறைக்கு வெடி வைத்தார்கள். ரெக்ஸ் டிரெகோனிங் கீழே இருந்தான்.

வில்லை ஆணியில் தொங்கியதாக விசாரணையில் கிளாரி சத்தியம் செய்தான். அது செத்தவன் பையில் கிடைத்தது; அப்படியானால் ரெக்ஸ் எதற்கோ அதை மறுபடி எடுத்துக்கொண்டு திருட்டுத்தனமாக இறங்கியிருக்கிறான், தப்பு அவனுடையது என்று முடித்தார்கள். அவன் மனைவி ஐலா அன்றிலிருந்து ஊரில் தலை குனிந்தே நடந்தாள். அவன் எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை. நாங்கள் வாயால் சொல்வதும் இல்லை.

பதினைந்து வருஷம் கழித்து, செம்புழுதிக் காற்று அடித்த ஒரு நண்பகலில், கிளாரியின் பீற்றல் தாங்காமல் என் மகளின் பள்ளிப் புத்தகத்தைக் கொண்டுபோனேன். பின்பக்கத்தில் பகா எண் பட்டியல் இருந்தது. கிளாரி அதைப் பார்த்துப் புது நோட்டில் எழுதினான். 229, 233, அடுத்து 241. பழைய நோட்டுகளைப் புரட்டினேன். மூன்றிலும் அதே இடத்தில் அதே தாவல்.

"ஒண்ண விட்டுட்ட" என்றேன்.

"நானா? எதை விட்டேன், சொல்லு கிழவா."

புத்தகத்தில் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தேன். குனிந்து பார்த்தான்.

"இங்க ஒண்ணும் இல்லையே."

அவன் விளையாடவில்லை. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. பென்சிலைப் பிடுங்கி அவன் நோட்டில் பெரிதாக 239 என்று எழுதினேன். ரெக்ஸின் எண்.

அவன் தன் ஏழு ஒன்றுகளை அதால் வகுக்க ஆரம்பித்தான். நாலு, ஆறு, நாலு, ஒன்பது. மீதி பூஜ்யம்.

பென்சிலை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு அவன் ஆணிய நான் பார்க்கவே இல்லடா" என்றான். "ஐலா வீட்ல இருப்பாளா இப்போ?"