பூவம்மாள் ஏறாத கணவாய்

பூவம்மாளைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் கடலூர் முதுநகரில் மீன் வாங்கியதே இல்லை என்று அர்த்தம். அடிமாட்டு விலைக்குக் கேட்டால் கூடையை மூடிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவள் ஐம்பது வயதுக்கு மேல் முதுகில் பையை மாட்டிக்கொண்டு காஷ்மீர் மலைக்குக் கிளம்பியபோது துறைமுகமே சிரித்தது. சிரிக்கட்டுமே! சிதம்பரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் மகள் பூஜா, கூட வேலை பார்ப்பவர்களோடு மலை ஏரிகளைப் பார்க்கப் போகிறாள். ஒரு வாரம் நடை, கூடாரத்தில் தூக்கம். பெண்ணைத் தனியே அனுப்ப மனம் ஒப்பவில்லை. "நீயும் வாயேம்மா" என்று பூஜா பேச்சுக்குச் சொன்னாளோ நிஜமாகவே சொன்னாளோ, தாய்க்காரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முதல் இரண்டு நாளும் அவளைப் பிடிக்க முடியவில்லை. இளவட்டங்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்த இடத்திலெல்லாம் அவள் முன்னால் போய் நின்றாள். முதல் ஏரியில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "அடேங்கப்பா, இவ்ளோ தண்ணி, ஒரு பொட்டு உப்பு இல்லியே!" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் தலை பிளந்தது. பித்தம் என்று நினைத்துத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டாள். மத்தியானம் குடித்த கஞ்சி வயிற்றில் நிற்கவில்லை. பாறை மறைவில் வாந்தி எடுத்து, வாயைக் கொப்பளித்து, ஒன்றுமே நடக்காதவள் போல வந்து சேர்ந்தாள். வழிகாட்டி இக்பால் தினமும் கேட்பதைப் பூஜா அவளுக்குத் தமிழில் சொல்வாள்.

"தலை வலிக்குதா, மயக்கமா வருதான்னு கேக்குறாரும்மா. உசரம் ஏற ஏற சில பேருக்கு ஒத்துக்காம உசுருக்கே ஆபத்தாயிடுமாம், மறைக்கக் கூடாதாம். நாளைக்குப் பெரிய கணவாய் ஏறணும்."

"எனுக்கின்னாடி, கல்லு மாதிரி இருக்கேன்."

கடலுக்குப் போகிறவன் பெண்டாட்டி வேறு எப்படிப் பேசுவாள்? நாலைந்து நாள் கடலில் தங்கும் விசைப்படகில் ஒருத்தனுக்கு உடம்பு முடியாமல் போனாலும் லேசில் வாயைத் திறக்க மாட்டான். படகு திரும்பினால் அத்தனை பேர் பாடும் வீண். தன்னால் படகு திரும்பியது என்ற பேரை எவனும் வாங்க மாட்டான். அவள் புருஷன் குப்பன் அப்படித்தான் நெஞ்சு வலியை அமுக்கிக்கொண்டு வலைக் குவியலில் சாய்ந்தான். வேலைக்கு எழுப்பப் போனவர்கள் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அன்றிலிருந்து அவன் படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம் பூவம்மாள் திட்டுவாள்: "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடுவ, பாவி மனுசா?"

சாயங்காலம் ஷூ கயிற்றை முடியப் போனாள்; விரல் சொன்னபடி கேட்கவில்லை. எழுந்தால் கால் தள்ளாடியது. பக்கத்தில் பூஜா முகமெல்லாம் பல்லாக, "நாளைக்கு அந்தாண்ட எறங்கினா ரெண்டு ஏரிம்மா, இதவிடப் பெருசு" என்று அளந்துகொண்டிருந்தாள். இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினாள். குப்பனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று முதல் தடவையாகப் புரிந்தது. புரிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இப்படியே போய்ப் படுத்தால், காலையில் இந்தப் பிள்ளை வந்து யாரை எழுப்பும்?

"பூஜா, எனக்கு முடியலடி. காலையிலேருந்தே முடியல. என்னக் கீழ எறக்கிடு."

இக்பால் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. சாமான் சுமந்த குதிரையில் அவளை ஏற்றி, வெளிச்சம் இருக்கும்போதே வந்த வழியே இறக்கினான். மற்றவர்கள் அங்கேயே தங்க, பூஜா மட்டும் தன் பையைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். இறங்க இறங்கத் தலைபாரம் விட்டது. பேச வாய் வந்ததும் பூவம்மாள் முதலில் சொன்னது, "என்னால உனக்கு ஏரி போச்சேடி" என்பதுதான்.

பூஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏரி எங்கம்மா போயிடப் போவுது? அங்கதான் கெடக்கும். நீ போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

பூவம்மாள் குதிரைமேல் உட்கார்ந்தபடியே வாய்விட்டு அழுதாள். உடம்பு நோவில் வந்த அழுகை இல்லை. அந்தப் படகில் இருந்த ஒவ்வொருத்தனும் குப்பனிடம் இதைத்தானே சொல்லியிருப்பான்? சொல்ல அந்த மனுஷன் யாரையும் விடவில்லையே.